மூலான்: பழம்பாடலும் புதிய திரையும்

ஒரு நாட்டின் பழங்கதை பிற நாட்டார் கைக்குச் செல்லும்போது இரண்டு வினாக்கள் எழுவது இயல்பு. கதை யாருக்கு உரியது என்பது ஒன்று. அதனை மாற்றிச் சொல்லும் உரிமை எவர்க்கு உண்டு என்பது மற்றொன்று. 1998ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அமெரிக்காவின் வால்ட் டிஸ்னி நிறுவனம் 'மூலான்' என்னும் கார்ட்டூன் படத்தை வெளியிட்டபோது இவ்விரு வினாக்களும் எழுந்தன. முதுமையுற்ற தந்தைக்கு மாற்றாக ஆணுடை அணிந்து போர்க்களம் சென்ற சீனப் பெண்ணின் கதையே அப்படத்தின் பொருளாகும். பெற்றோரும் பிள்ளைகளும் ஒருங்கே அமர்ந்து பார்த்த அப்படம் உலகெங்கும் முப்பது கோடி அமெரிக்க டாலருக்கு மேல் வசூலித்தது. ஆயினும், கதை பிறந்த சீனத்தில் அதற்குப் பெரும் வரவேற்பு வாய்க்கவில்லை. திரையில் கண்டவள் தங்கள் மூலான் அல்லள், அயலார் படைத்த பெண் என்று அங்கே பலர் குறை கூறினர். அக்குறை எவ்வளவு பொருந்தும் என்பதை அறிய வேண்டுமாயின், அக்கதை நடந்து வந்த வழியைத் தொடக்கத்திலிருந்து காண்பது தேவையாகும்.

பாடல் பிறந்த காலம்

மூலானைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்று ஒரு பாடலே. முந்நூற்றுக்குச் சற்று மிகுந்த சீன எழுத்துகளால் அமைந்த அச்சிறு பாடலை இயற்றியவர் பெயர் தெரியவில்லை. வட வெய் அரசு (386–534) நிலவிய காலத்தையொட்டி வட சீனத்தில் வழங்கிய நாட்டுப்பாடல் அது என்பர் ஆய்வாளர் பலர். சோங் அரசர் காலத்தில் குவோ மாவ்சியன் என்பார் தொகுத்த பெருந்தொகை நூலின் வழியாகவே அது நம் கைக்கு எட்டியுள்ளது. வட வெய் அரசின் வரலாற்றை ஆறாம் நூற்றாண்டில் எழுதிய வெய் ஷோ என்பாரின் நூலில் மூலானின் பெயர் இல்லை. ஆகவே, அவள் உண்மையில் வாழ்ந்தவளா, மக்கள் உள்ளம் படைத்த பெண்ணா என்பதை அறுதியிட்டுக் கூறுதல் இயலாது. ஆனால், ஹெனான், ஹூபெய், அன்ஹுய் முதலிய மாநிலங்களிலுள்ள ஊர்கள் அவளைத் தத்தம் மகளென இன்றும் உரிமை கொண்டாடுகின்றன.

வட வெய் அரசை நிறுவியவர் ஹான் சீனர் அல்லர் என்பது ஈண்டு நினைவில் கொள்ளத்தக்கது. அவர்கள் வடபுலத்துப் புல்வெளியிலிருந்து வந்த சியன்பெய் இனத்தைச் சார்ந்த துவோபா குடியினர். குதிரை மீதமர்ந்து வில்லெய்வதில் வல்லவர்கள். காலப்போக்கில் அவர்கள் சீன வாழ்வோடு கலந்தனர். சியாவ்வென் பேரரசர் 494ஆம் ஆண்டில் தலைநகரைத் தெற்கே லுவோயாங்கிற்கு மாற்றினார். அரசவையில் சியன்பெய் மொழியையும் உடையையும் விலக்கினார். 496இல் தம் குடிப்பெயரையே யுவான் என்னும் சீனப் பெயராக மாற்றிக்கொண்டார். இரண்டு இனங்கள் கலந்த அவ்வுலகின் சுவடு மூலான் பாடலிலும் பதிந்துள்ளது. அதில் வரும் அரசன் ஓரிடத்தில் புல்வெளி மக்கள் வழங்கும் 'கான்' என்னும் பட்டத்தாலும், மற்றோரிடத்தில் சீனர் வழங்கும் 'வானத்தின் மைந்தன்' என்னும் பட்டத்தாலும் குறிக்கப்படுகிறான்.

இத்தகைய கதை வடக்கே தோன்றியதும் வியப்பன்று. ஆறாம் நூற்றாண்டு அறிஞர் யென் ஜிதுய், தம் குடும்பத்தாருக்கு எழுதிய அறிவுரை நூலில் வடபுலப் பெண்களின் நிலையைக் குறிப்பிடுகிறார். அங்கே இல்லத்தின் பொறுப்பைப் பெண்களே தாங்கினர் என்றும், வழக்காடவும் அலுவலரைக் கண்டு முறையிடவும் அவர்களே சென்றனர் என்றும் அவர் கூறுகிறார். குதிரையேறி அம்பெய்யும் மங்கையைப் பாடும் வேறொரு வடபுலப் பாடலும் கிடைத்துள்ளது. அரசின் வடவெல்லையிலோ ரௌரான் என்னும் நாடோடிக் கூட்டத்தாருடன் நெடுங்காலம் போர் நிகழ்ந்தது. 429இல் தாய்வூ பேரரசரே அவர்கள்மீது பெரும்படை நடத்திச் சென்றார். இத்தகைய போர்களே பாடலுக்குப் பின்புலமாக இருந்திருத்தல் கூடும்.

பாடல் கூறும் செய்தி

பாடல் தறியின் முன் அமர்ந்திருக்கும் ஒரு பெண்ணோடு தொடங்குகிறது. படைக்கு ஆள் திரட்டும் ஓலைகளில் தந்தையின் பெயர் உள்ளது. வீட்டில் வளர்ந்த ஆண்மகன் இல்லை. மகளே குதிரையும் சேணமும் கடிவாளமும் சந்தையில் வாங்கிப் புறப்படுகிறாள். மஞ்சளாற்றங்கரையைக் கடந்து மலைநாடு செல்கிறாள். பன்னிரண்டு ஆண்டுப் போரைப் பாடல் சில அடிகளிலேயே கடந்துவிடுகிறது. வென்று மீண்டவளுக்கு அரசன் உயர் பதவி தர முன்வருகிறான். அவள் அதனை வேண்டாள்; ஊர் திரும்ப விரைந்தோடும் ஓர் ஊர்தி விலங்கு மட்டுமே கேட்கிறாள். பெற்றோர் எதிர்கொள்கின்றனர், அக்காள் தன்னை அழகுபடுத்திக்கொள்கிறாள், தம்பி விருந்துக்காகக் கத்தி தீட்டுகிறான். போருடையைக் களைந்து பழைய உடை அணிந்து வெளிவரும் அவளைக் கண்டு உடன் வந்த வீரர் திகைக்கின்றனர்.

இப்பாடலில் மூன்று செய்திகள் கருதத்தக்கவை. முதலாவது, மூலான் பெண்ணென்பதைப் பிறர் கண்டுபிடிக்கவில்லை. போர் முடிந்தபின், தன் வீட்டில், தானே விரும்பி வெளிப்படுத்துகிறாள். இரண்டாவது, பகைவரின் முகம் எங்கும் காட்டப்படவில்லை. அவர்தம் குதிரைகளின் கனைப்பொலி மட்டுமே கேட்கிறது. மூன்றாவது, அவள் பரிசும் பதவியும் நாடவில்லை. பெற்றோரிடம் மீள்வதையே நாடினாள். பிற்காலத்தார் இக்கதையில் எவற்றை மாற்றினர், எவற்றை விட்டுவைத்தனர் என்பதை அளப்பதற்கு இம்மூன்றும் துணை செய்யும்.

காலந்தோறும் மாறிய கதை

கதையை முதலில் மாற்றியவர் அயலார் அல்லர், சீனப் புலவரே. தாங் அரசர் காலத்தில் வெய் யுவான்ஃபு என்பார் இதே கதையை மீண்டும் பாடினார். நாட்டுப்பற்றும் பெற்றோரைப் பேணலும் ஆகிய அறங்களை அவர் வெளிப்படையாகவே எடுத்துரைத்தார். பழம்பாடல் நிகழ்ச்சியாகச் சொன்னதை இவர் நீதியாகச் சொன்னார் எனலாம்.

மிங் அரசர் காலத்தில் வாழ்ந்த சூ வெய் (1521–1593) இதனை நாடகமாக்கினார். மூலானுக்குப் 'பூ' என்று பொருள்படும் ஹுவா என்னும் குடிப்பெயரைச் சூட்டியவரும் இவரே. இவர் காலத்தில் சிறுமியரின் பாதங்களை இறுகக் கட்டிச் சிறுக்கவைக்கும் கொடிய வழக்கம் வேரூன்றியிருந்தது. பாடல் பிறந்த காலத்தில் அவ்வழக்கமே இல்லை. எனினும், சூ வெய்யின் மூலான் போருக்குப் புறப்படுமுன் தன் பாதக் கட்டுகளை வலியோடு அவிழ்க்கிறாள். மீண்டு வந்தபின் பாதங்களைத் திரும்பவும் சிறுக்கவைக்கக் குடும்ப மருந்து ஒன்று உண்டெனத் தன்னைத் தேற்றிக்கொள்ளவும் செய்கிறாள். நாடகம் அவள் திருமணத்தோடு முடிகிறது. வீரமங்கையாயினும் சிறு பாதமின்றி மணமகளாதல் அரிது என்று கருதிய ஒரு காலத்தின் துயரம் அக்காட்சியில் தெரிகிறது.

பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சூ ரென்ஹுவோ எழுதிய நெடுங்கதையில் மூலானின் முடிவு இன்னும் கொடிதாயிற்று. கான் ஒருவன் தன்னை அந்தப்புரத்திற்கு அழைத்தபோது அவள் தந்தையின் கல்லறைக்குச் சென்று உயிரை மாய்த்துக்கொள்கிறாள். பழம்பாடலில் இல்லம் திரும்பி மகிழ்ந்த பெண்ணுக்கு இங்கே இல்லமும் இல்லை, வாழ்வும் இல்லை.

வெள்ளித்திரையில் மூலான்

இருபதாம் நூற்றாண்டில் கதை மேடையிலிருந்து திரைக்கு வந்தது. ஷாங்ஹாயில் இயங்கிய தியான்யீ நிறுவனம் 1927இல் இதனை ஊமைப்படமாக எடுத்தது. அந்நிறுவனம் ஷா குடும்பத்தாருடையது. அக்குடும்பத்துச் சகோதரருள் இருவரான ரன்மே ஷாவும் ரன் ரன் ஷாவுமே சிங்கப்பூருக்கு வந்து, மலாயாவெங்கும் திரையரங்குகளை நிறுவிப் படத்தொழிலை வளர்த்தவர்கள். அவர்தம் ஷா சகோதரர் நிறுவனம் 1964இல் ஹாங்காங்கில் மீண்டும் மூலான் கதையை இசைப்படமாக எடுத்தது. ஆண் வேடத்தில் நடித்துப் புகழ்பெற்ற லிங் போ என்னும் நடிகையே அதில் மூலானாகத் தோன்றினார்.

இவ்விரண்டிற்கும் இடையே, 1939இல் வெளிவந்த படத்தின் வரலாறு தனித்துக் கூறத்தக்கது. அப்போது ஷாங்ஹாயின் அயல்நாட்டார் குடியிருப்புப் பகுதியைச் சூழ்ந்த இடமெல்லாம் ஜப்பானியர் வசம் இருந்தது. ஔயாங் யூசியன் எழுத, பூ வான்சாங் இயக்க, சென் யுன்ஷாங் நடித்த 'மூலான் படையில் சேர்தல்' அங்கே திரையிடப்பட்டது. பழங்காலப் பகைவரைக் காட்டிய அப்படத்தில் மக்கள் தம் காலத்துப் பகைவரைக் கண்டனர். ஏறத்தாழ மூன்று திங்கள் அது தொடர்ந்து ஓடியது. அதே படம் 1940இல் போர்க்காலத் தலைநகராகிய சுங்கிங்கிற்குச் சென்றபோது, ஜப்பானியர் பணம் அதில் கலந்துள்ளதென்னும் ஐயத்தால் கூட்டத்தார் படச்சுருளைத் தீயிட்டனர். நாட்டுப்பற்றால் ஓரூரில் போற்றப்பட்ட மூலான், நாட்டுப்பற்றின் பெயராலேயே மற்றோரூரில் எரிக்கப்பட்டாள்.

கொரியப் போரின்போது ஹெனான் நாடக நடிகை சாங் சியாங்யூ, மூலான் முதலிய நாடகங்களை ஊர்தோறும் நடித்துப் பொருள் திரட்டிப் போர்விமானம் ஒன்றின் விலையைச் சீன அரசுக்கு வழங்கினார். 1956இல் அவர் நடித்த மூலான் நாடகம் திரைப்படமாகவும் வந்தது.

அமெரிக்க ஓவியப் படம்

1998ஆம் ஆண்டுப் படத்தை பேரி குக், டோனி பான்கிராஃப்ட் ஆகிய இருவர் இயக்கினர். பெரும்பகுதி ஃபுளோரிடாவிலுள்ள கூடத்தில் வரையப்பட்டது. ஓவியர் குழு ஒன்று சீனம் சென்று ஊர்களையும் கட்டடங்களையும் பார்த்து வந்தது. மூலானுக்கு மக்காவில் பிறந்த மிங்நா வென் குரல் கொடுத்தார். பாடல்களைப் பிலிப்பீன்ஸ் நாட்டு லியா சலோங்கா பாடினார். சீனத்தில் படம் உடனே வெளியாகவில்லை. தலாய் லாமாவின் வாழ்வைப் பற்றி டிஸ்னி 1997இல் வெளியிட்ட படம் சீன அரசைச் சினங்கொள்ளச் செய்திருந்தது. 1999 பிப்ரவரியில், புத்தாண்டு விடுமுறை கழிந்த பின்னரே மூலான் படம் அங்கே வந்தது.

காலக் குழப்பங்கள் படத்தில் பலவுண்டு. அதில் காணும் நெடுஞ்சுவர் மிங் காலத்துக் கட்டுமானத்தை ஒத்தது. அரண்மனை பதினைந்தாம் நூற்றாண்டில் எழுந்த பெய்ஜிங் அரண்மனையை ஒத்தது. வெடிமருந்தோ தாங் காலத்தில்தான் அறியப்பட்டது. சிறுவர் படத்தில் இவை பெருங்குறைகள் ஆகா.

கருத்தில் கொள்ளவேண்டியது வேறு. பழம்பாடலில் முகமற்றிருந்த பகைவருக்குப் படம் ஒரு முகத்தைத் தந்தது. அதுவும் மனித இயல்பே தோன்றாத கொடிய முகம். ரௌரான் இருந்த இடத்தில் ஹூணர் வந்தனர். பனிமலையில் பாய்ந்துவரும் ஈராயிரம் குதிரை வீரரை உருவாக்கிய கணிப்பொறி நிரலுக்கு, ஐரோப்பாவை நடுங்கவைத்த ஹூண மன்னன் அட்டிலாவின் பெயரையே சூட்டினர். புல்வெளியினர் அனைவரும் கொடியர் என்னும் எண்ணம் பார்க்கும் பிள்ளைகளின் மனத்தில் பதிந்துவிடலாம். மூலான் எந்த அரசனுக்காகப் போரிட்டாளோ அவனுமே 'கான்' என அழைக்கப்பட்டவன் என்பதைப் படம் மறைத்துவிட்டது. இஃது உண்மையான இழப்பே.

இரண்டாவது மாற்றம், மூலான் காயமுற்றுப் பெண்ணென வெளிப்படுதலும் படையிலிருந்து விலக்கப்படுதலுமாகும். மகளிர் உரிமைபற்றி உலகம் பேசிய காலத்தில், தன் உண்மை உருவை உலகம் ஏற்குமோ எனக் கலங்கும் பெண்ணாக அவள் படைக்கப்பட்டாள். பழம்பாடலின் மூலானுக்கு இக்கலக்கம் இல்லை. ஆயினும், இதனைப் பிழையென ஒதுக்குதல் முறையாகாது. சூ வெய் தம் காலத்துப் பாதக்கட்டைக் கதையில் வைத்தார். அமெரிக்கர் தம் காலத்து மனக்கட்டை வைத்தனர்.

மாறாது நின்ற ஒன்றும் உண்டு. படத்தின் இறுதியில் பேரரசர் அரசவையில் இடமளிக்க முன்வருகிறார். மூலான் மறுத்து வீடு திரும்ப விடைபெறுகிறாள். பகைவனின் வாளையும் அரசரின் பதக்கத்தையும் தந்தையின் முன் வைக்கிறாள். அவர் அவற்றைக் கீழே நழுவவிட்டு மகளைத் தழுவிக்கொள்கிறார். பாடலின் மூன்றாம் செய்தியை, இடையில் வந்த நெடுங்கதை சிதைத்த ஒன்றை, அயல்நாட்டார் எடுத்த ஓவியப் படம் காத்துத் தந்தது என்பதை மறுத்தல் இயலாது.

2009இல் சீனத்திலும் 2020இல் மீண்டும் டிஸ்னியிலும் மூலான் கதை மனித நடிகரைக் கொண்டு படமாயிற்று. இனியும் வரும். பாடல் சீனப் பள்ளிப் பாடநூலில் இன்றும் இடம்பெற்றுள்ளது. இரண்டு இனங்கள் கலந்த மண்ணில் தோன்றி, யார் பாடியதென்றே அறியப்படாத ஒரு பாடலை ஒருவர் மட்டும் தமக்கே உரியதென்று கூறுதல் கடினம். அதனை எடுத்தாளும் எவர்க்கும் பொறுப்பு உண்டு என்பதே பொருந்தும். படத்தைப் பார்த்து மகிழ்ந்த பிள்ளைக்கு அப்பாடலின் கதையையும் பெற்றோரோ ஆசிரியரோ எடுத்துச் சொன்னால், பகைவருக்கும் முகமும் வீடும் உண்டு என்பதை அப்பிள்ளை உணரும். தந்தைக்காகச் சென்று, ஒன்றும் வேண்டாது திரும்பிய மகளின் பெருமையும் அதற்கு விளங்கும்.