ஜூ: ஒரு சிறு நிறையின் சரித்திரம்

சீன மொழியில் ‘ஜூ’ என்றோர் எழுத்து உண்டு. உலோகத்தைக் குறிக்கும் உறுப்பு இடப்புறமும், ஒலியைக் காட்டும் உறுப்பு வலப்புறமும் அமையப் பெற்றது அது. பண்டைச் சீனர் கையாண்ட மிகச் சிறிய நிறையொன்றின் பெயரே இவ்வெழுத்தாகும்.

24 ஜூ கொண்டது ஒரு லியாங். 16 லியாங் கொண்டது ஒரு ஜின். முன்னாளில் மலாயாக் கடைவீதிகளில் தாஹில், கட்டி என வழங்கியவை இவ்விரண்டின் வழிவந்தவையே. கி.பி. முதல் நூற்றாண்டில் பான் கு இயற்றிய ஹான் வமிச சரித்திரம், பனிவரகு மணி 100 கொண்ட நிறையே ஒரு ஜூ என்று கணக்கிடுகிறது. இக்கால அளவில் அஃது ஒரு கிராமில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே.

இத்துணைச் சிறிய அளவைப் பற்றி ஆராய்வானேன் என நேயர்கள் வினவலாம். ஒரு பேரரசின் வாக்கு மெய்யா பொய்யா என்பது இச்சிற்றளவிலேயே வெளிப்பட்டது.

கி.மு. 221-இல் சீனத்தை ஒன்றுபடுத்திய சின் ஷி ஹுவாங், நிறைகளையும் அளவைகளையும் நாடெங்கும் ஒன்றாக்கினார். அவரது செப்புக்காசில் ‘அரை லியாங்’ என்று பொறிக்கப்பட்டது. அதாவது 12 ஜூ. பின்வந்த ஹான் வமிசத்தாரோ அவ்வெழுத்தை மாற்றாமலே நிறையைக் குறைத்தனர். கி.மு. 175-இல் வென் தி அரசர் வெளியிட்ட காசிலும் எழுத்து அரை லியாங். நிறையோ 4 ஜூ! அன்றியும், காசு வார்க்கும் உரிமை தனியாருக்கும் அளிக்கப்பட்டது. மக்கள் உழவைக் கைவிட்டுச் செம்பு தோண்டப் போகின்றனர் என்று ஜியா யி என்னும் அறிஞர் அதனைக் கண்டித்தார், அரசர் செவிசாய்க்கவில்லை. செம்பில் மலிந்த உலோகம் கலந்தவர் இலாபமடைந்தனர். உழுது விளைத்துச் சந்தைக்கு வந்தவனோ, தன் கைக்கு வந்த காசின் உண்மை மதிப்பை அறியாது தவித்தான்.

கி.மு. 118-இல் ஊ தி அரசர் ‘ஊ ஜூ’, அதாவது ‘ஐந்து ஜூ’, என்னும் காசை வெளியிட்டார். எழுத்தும் நிறையும் அதில் ஒன்றாயின. ஓரத்தை அராவிச் செம்பைத் திருடாதபடி அதற்கு விளிம்பும் எழுப்பப்பட்டது. கி.மு. 113-இல் காசு வார்க்கும் உரிமை முழுதும் தலைநகரின் அரசாங்கச் சாலைகளுக்கே உரியதாக்கப்பட்டது. இடையிடையே தடைப்பட்டும் குறைவுற்றும் வந்தபோதிலும், அக்காசின் பெயர் எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது. கி.பி. 621-இல் தாங் வமிசத்தார் பத்துக் காசு ஒரு லியாங் என்னும் புதிய முறையைக் கொணர்ந்தபின், ஜூ மெல்ல மெல்ல வழக்கொழிந்தது. எனினும் எழுத்து மறையவில்லை. தாய்லாந்தின் பாட் நாணயத்தைச் சீனர் இன்றும் அவ்வெழுத்தாலேயே குறிக்கின்றனர்.

ஜூவையும் விடாது கணக்குப் பார்ப்பவனைக் கருமி என்று இகழ்வது சீன மரபுமொழி. செல்வனுக்கு அவ்விகழ்ச்சி தகும். அன்றாடம் உழைத்து உண்பவனுக்குத் தகுமோ? அவன் இழப்பதெல்லாம் சிறிது சிறிதாகவே இழக்கப்படுகிறது. தமிழில் நாணயம் என்னும் சொல் காசையும் நேர்மையையும் ஒருங்கே குறிக்கும். அவ்விரண்டும் பிரிந்தால் ஏழையே அதன் விலையைச் செலுத்துகிறான் என்பதே ஜூவின் சரித்திரம் காட்டும் உண்மையாகும்.