மேற்கோள் கணக்கும் மானிப்பாய் மருத்துவரும்



ஓர் ஆராய்ச்சியாளருடைய தகுதியை அளப்பதற்கு இக்காலத்தில் ஓர் அளவுகோல் வழங்கி வருகிறது. அவர் எழுதியவற்றைப் பிறர் எத்தனை முறை மேற்கோளாக எடுத்தாண்டனர் என்று எண்ணுவதே அது. அமெரிக்க அறிஞர் யூஜின் கார்ஃபீல்டு 1955இல் இக்கருத்தை முன்மொழிந்து, 1964இல் அறிவியல் மேற்கோள் அட்டவணையை வெளியிடத் தொடங்கினார். 2005இல் ஹிர்ஷ் என்னும் பௌதிக அறிஞர் இக்கணக்கை ஒற்றை எண்ணாகச் சுருக்கினார். பத்து முறையேனும் எடுத்தாளப்பட்ட கட்டுரைகள் ஒருவருக்குப் பத்து இருந்து, பதினொரு முறை எடுத்தாளப்பட்டவை பதினொன்று இல்லையாயின், அவருடைய எண் பத்து.

நான் வாழும் அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லிப் பக்கம் சென்றால் மருத்துவக் கல்லூரிகள் பலவற்றைக் காணலாம். அங்கே பயின்ற என் பழைய மாணவர் சிலர் தம் பேராசிரியர்களின் மேற்கோள் எண்ணைப் பற்றிப் பேசும்போதெல்லாம், இவ்வளவுகோலுக்குள் அடங்காத ஒருவரை நான் எண்ணிக்கொள்வதுண்டு. அவரே சாமுவேல் ஃபிஸ்க் கிறீன்.

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் 1822இல் பிறந்த கிறீன், 1847இல் அமெரிக்க மிஷனைச் சார்ந்த மருத்துவராக யாழ்ப்பாணம் வந்தார். மறு ஆண்டு முதல் மானிப்பாயில் மருத்துவமனை நடத்தினார். தமிழை முயன்று கற்றார். அறுபதுக்கு மேற்பட்ட இளைஞரை மருத்துவராக்கினார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கலானார். ஊர்தோறும் சென்று உழைக்கும் மருத்துவன், மக்கள் பேசும் மொழியில் உடலைப் பற்றிச் சிந்திக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

தமிழில் கற்பிக்க நூல் வேண்டுமன்றோ? மாணவரின் துணையோடு அவரே அவற்றை ஆக்கினார். 1857இல் பிரசவ வைத்தியமும், 1867இல் இரண வைத்தியமும் வெளிவந்தன. ஹென்றி கிரே எழுதிய புகழ்பெற்ற உடற்கூற்று நூல் லண்டனில் முதன்முதலாக வெளியானது 1858இல். அந்நூல் பதினான்கே ஆண்டுகளில், 1872இல், ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் பெயருடன் தமிழில் வந்துவிட்டது. பின்னர் 1875இல் ‘கெமிஸ்தம்’ வெளியாயிற்று. 1873இல் தாயகம் திரும்பிய பின்னும் அவர் தமிழ்ப் பணியை விடவில்லை. ‘மனுஷ சுகரணம்’ என்னும் உடலியக்க நூல் 1883இல் வெளியாயிற்று. அடுத்த ஆண்டு அவர் காலமானார்.

இவற்றுள் புதிய கண்டுபிடிப்பு ஏதுமில்லை என்று ஒருவர் கூறலாம். கிரேயின் நூலும் பாடநூலே. பாடநூலை மாணவன் அடிக்குறிப்பில் காட்டுவதில்லை; கற்று, நோயாளியிடத்துப் பயன்படுத்துகிறான். அப்பயன் எந்த அட்டவணையிலும் ஏறுவதில்லை. ஆதலால் மேற்கோள் கணக்கே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. கிறீனின் வரலாறு எனக்குக் கற்பிப்பது அதற்கு நேர்மாறானது.

மேற்கோளின் அருமையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். தொல்காப்பியரே முன்னைப் புலவர் கூறியதாகப் பலவிடத்தும் சுட்டிச் செல்கிறார். தகடூர் யாத்திரை என்னும் நூல் முழுமையாக நமக்குக் கிட்டவில்லை; எனினும் நச்சினார்க்கினியர் உரையிலும் புறத்திரட்டிலும் எடுத்தாளப்பட்டமையால் அதன் பாடல்கள் சில எஞ்சின. மேற்கோள் என்பது புகழ்ச்சி மட்டுமன்று. ஒரு தலைமுறை தேடியதை மறு தலைமுறை இழந்துவிடாமல் காக்கும் வேலியுமாகும்.

கிறீனின் நூல்களுக்கு அவ்வேலி வாய்க்கவில்லை. 1870இல் தொடங்கிய கொழும்பு மருத்துவப் பள்ளி ஆங்கிலத்திலேயே கற்பித்தது. கிறீன் சென்றபின் தமிழ்வழி மருத்துவ வகுப்பும் நெடுங்காலம் நிலைக்கவில்லை. கற்போர் இல்லாத நூலை எடுத்தாள்வார் யார்? இன்று நாம் அங்காதிபாதத்தை உடற்கூறியல் என்கிறோம், சுகரணத்தை உடலியங்கியல் என்கிறோம், கெமிஸ்தம் வேதியியலாயிற்று. புதிய சொற்கள் தெளிவானவை. அவற்றில் எனக்குக் குறையில்லை. ஆனால் ‘தமிழில் உடற்கூறு கற்பிக்க இயலுமா?’ என்று இன்றும் ஐயத்தோடு கேட்கப்படுவதே வருத்தம் தருகிறது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே செய்து காட்டப்பட்டது என்பதை அறியாமல் எழும் கேள்வி அது.

மருத்துவப் பாடநூல்களைத் தமிழில் கொணர்வது பற்றி இப்போது மீண்டும் பேச்சு எழுந்துள்ளது. அப்பணியில் ஈடுபடுவோர் கிறீனின் நூல்களை முதலில் பிரித்துப் பார்ப்பார்களாக. கொள்ளத்தக்க சொல்லைக் கொள்க, தகாததைத் தள்ளுக. எவ்வாறாயினும், எடுத்த இடத்தைப் பெயர் சுட்டி எழுதுக. அவ்வாறு எழுதினால், நாளை நம் நூல்களைக் கையில் எடுப்போர் மீண்டும் முதற்படியிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.