அறுந்த கயிறு

உயிரிழப்பு இல்லையேல் உட்பக்கம். பத்திரிகை மேசையில் நெடுங்காலம் நான் கைக்கொண்ட அளவுகோல் இது. அதன்படி 2019 மே 9 ஆம் திகதி சூரிச் நகரில் நிகழ்ந்தது பெரிய செய்தியன்று. ஆயினும் ஆளில்லா விமானப் பொதிச் சேவையின் வரலாற்றை எழுதுவோர் அந்நாளைத் தவிர்த்துச் செல்ல இயலாது.

சுவிஸ் தபால் நிறுவனம், அமெரிக்காவின் மற்றர்நெற் நிறுவனத்துடன் இணைந்து, 2017 இல் லுகானோ நகரின் இரு வைத்தியசாலைகளுக்கிடையே ஆய்வுகூட மாதிரிகளை வான்வழியே அனுப்பத் தொடங்கியது. வீதி நெரிசலில் சிக்காத இரத்தக் குப்பிகள்! யார்தான் குறைகூறுவர்? பின்னர் நம்மவர் பலர் வாழும் சூரிச்சுக்கும் சேவை விரிந்தது.

2019 ஜனவரியில் அங்கு ஒரு கலம் பழுதுற்று ஏரியில் இறங்கியது. பரசூட் உரியவாறு விரிந்திருந்தது, எவருக்கும் தீங்கில்லை. சில மாதங்களில் சேவை மீண்டும் தொடங்கிற்று. மே மாதத்திலும் பரசூட் விரிந்தது. ஆனால் அதனைக் கலத்துடன் பிணைத்திருந்த கயிறு அறுந்தது. சுமார் 10 கிலோகிராம் எடையுள்ள இயந்திரம் கட்டுப்பாடின்றிக் காட்டுப்பகுதியில் வீழ்ந்தது. ஏறத்தாழ 50 மீற்றர் தொலைவில் பாலர் வகுப்புப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தனர்.

சேவை நிறுத்தப்பட்டது. அதன்பின் வந்த திருத்தங்கள் எளிமையானவை: ஒரு கயிற்றுக்குப் பதிலாக இரண்டு, அவற்றுக்கு உலோகப் பின்னல், வீழும்போது ஒலிக்கும் ஊதலுக்குக் கூடுதல் சத்தம். இம்மூன்றில் ஊதலே என் சிந்தையை விட்டகலவில்லை. கயிறு, கலத்தை அனுப்புபவரின் பொறுப்பு. ஊதலோ, எப்பொதியையும் கேளாமல் கீழே நிற்பவரை ஓடச் சொல்வது. ஐந்து வயதுப் பிள்ளை அதைக் கேட்டு ஓடுமா, அண்ணாந்து பார்த்து நிற்குமா?

அதே மே 24 ஆம் திகதி ஐரோப்பிய ஒன்றியம் தனது ஆளில்லா விமான ஒழுங்குவிதிகளை ஏற்றது. இவ்விபத்தின் விளைவன்று அது. பல ஆண்டுத் தயாரிப்பு. சாதாரணப் பறப்புகளுக்கு 120 மீற்றர் உயர எல்லை வகுத்ததுடன், அவ்வகையில் அடங்காத பறப்புகளுக்கு முன்னனுமதியையும் ஆபத்து மதிப்பீட்டையும் கோரியது. அம்மதிப்பீட்டில் முதலில் எழும் வினாக்களில் ஒன்று, கலம் வீழ்ந்தால் கீழே எத்தனை பேர் இருப்பர் என்பது.

சுவிஸ் சேவை 2020 ஜனவரியில் மீண்டும் தொடங்கியது. 2022 இல் தபால் நிறுவனம் அதனை மற்றர்நெற் நிறுவனத்திடம் கையளிக்கத் தீர்மானித்தது. ஐரோப்பிய விதிகள் சுவிட்சர்லாந்தில் நடைமுறைக்கு வந்தது 2023 ஜனவரி 1 இல். அச்செய்தியும் உட்பக்கத்துக்கு உரியதே.