பாயில் இல்லாத பெயர்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையில் இருக்கிறது கீழ்பென்னாத்தூர். நெல்லும் மல்லாட்டையும் விளையும் பூமி. கார்த்திகைத் தீபத்தன்று மலையுச்சியில் தீபம் ஏற்றிய பிறகுதான் சுற்றுப்பட்ட ஊர்களில் வீட்டு வாசலில் அகல் ஏற்றுவார்கள். அகல்கள் கோலத்தின் மேல் வைக்கப்படும். அன்றைக்கு எத்தனை புள்ளி, நடுவில் தாமரையா விளக்கா, எந்த வளைவில் எத்தனை அகல் என்பதை முடிவு செய்பவள் அந்த வீட்டுப் பெண்.

வாசலைத் தாண்டி உள்ளே போனால் அவளுடைய முடிவுகள் தொடர்கின்றன. பழைய சேலையைக் கிழித்து, கரை கீழே வரும்படி தைத்த கதவுத் திரை. கல்யாணத்துக்கு முன்பு எம்பிராய்டரி போட்ட தலையணை உறை. அதில் ஒரு ஜோடிக் கிளி. சிவன் கண் முடிச்சிலோ நெல்லிக்காய் முடிச்சிலோ பின்னிய வயர்கூடை. மூலையில் சுருட்டி வைத்த கோரைப்பாய். இவற்றில் நிறப் பொருத்தம் இருக்கிறது, எண்ணிக்கை இருக்கிறது, ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரும் ஒழுங்கு இருக்கிறது. நகரத்தில் இதே வேலையைச் சம்பளத்துக்குச் செய்பவரை வடிவமைப்பாளர் என்கிறோம். இங்கே இதற்குப் பெயர் வீட்டு வேலை. இன்னும் கொஞ்சம் இளக்காரமாகச் சொன்னால், பொம்பளைங்க பொழுதுபோக்கு.

வீட்டை அழகுபடுத்தும் வடிவங்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. அதைப் படிக்கும்போது ஒரு விஷயம் கண்ணில் படுகிறது. பழி வரும்போது அது பெண்ணின் பெயரில் எழுதப்படுகிறது. புகழ் வரும்போது பெரும்பாலும் வேறொருவர் பெயரில்.

அந்த வரலாற்றின் ஒரு முனை நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கீழ்பென்னாத்தூரைத் தாண்டும் சாலை செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரிக்குப் போகிறது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் புதுச்சேரி, கடலூர், சென்னை, மசூலிப்பட்டினம் என்று இந்தக் கடற்கரை முழுவதும் துணி ஏற்றுமதியாகும் துறைமுகங்கள் இருந்தன. வண்ணம் தீட்டிய பருத்தித் துணிகள் இங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போயின. அங்கே அவை சட்டையாகும் முன்பே வீட்டுத் துணியாயின. சுவரில் மாட்டினார்கள், கட்டிலைச் சுற்றித் திரையாகத் தொங்கவிட்டார்கள், மெத்தை மேல் விரித்தார்கள். லண்டன் கடற்படை அலுவலர் சாமுவேல் பீப்ஸ் 1663 செப்டம்பரில் இந்தியாவில் வண்ணம் தீட்டிய துணி ஒன்றை வாங்கியதாகத் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். மனைவி எலிசபெத்தின் படிப்பறைச் சுவரை மூடுவதற்காக வாங்கியது அது. ஒரு பெண் தனக்கென்று கிடைத்த அறையை அலங்கரிக்க நம் பக்கத்துத் துணி போயிருக்கிறது.

ஐரோப்பியர்களுக்கு அந்தத் துணியில் பிடித்தது பூ மட்டுமில்லை. துவைத்தாலும் சாயம் போகாது. அந்த வித்தை அப்போது அவர்களுக்குத் தெரியாது. துணியைக் கடுக்காய்ச் சாறும் பாலும் கலந்த நீரில் ஊறவைத்துக் காயவைப்பார்கள். பாலின் கொழுப்பு சாயம் ஓடிப் பரவாமல் தடுக்கும். இரும்புக் கரைசலால் கறுப்புக் கோடு வரைவார்கள். சிவப்பு வரவேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலைத் தீட்டி, சாயவேர் போட்ட தண்ணீரில் கொதிக்கவைப்பார்கள். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். நீலம் வேண்டாத இடங்களில் மெழுகு பூசி, துணியை அவுரித் தொட்டியில் முக்குவார்கள். நீலத்தின் மேல் மஞ்சள் தீட்டினால் பச்சை. இந்த அவுரிக்கு அன்றைய தென்னார்க்காடு பேர்போனது. திண்டிவனம் பக்கம் இன்றும் விளைகிறது.

இந்த முறையை 1742இல் கேர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இங்குள்ள சாயக்காரர்களிடம் கேட்டுக் கடிதமாக எழுதி அனுப்பினார். கடுக்காய், சாயவேர் என்ற நம் சொற்களையே பிரெஞ்சு எழுத்தில் எழுதினார். அது அச்சில் வெளிவந்தது. ஐரோப்பிய அச்சுத்துணித் தொழில் அதைப் படித்தது. துணி வரலாறு படிப்பவர்களுக்கு இன்றும் கேர்தூவின் பெயர் தெரியும். அவருக்குச் சொல்லித்தந்தவர்களின் பெயர் தெரியாது.

அந்தச் சாயக்காரர்களுக்கும் பின்னால் இன்னொரு வரிசை இருந்தது. சாயம் ஏறும் துணிக்கு நூல் வேண்டும். நூல் நூற்றவர்கள் பெண்கள். வயல் வேலை இல்லாத மாதங்களிலும், சமையலுக்கும் பிள்ளைக்கும் இடைப்பட்ட நேரத்திலும் ராட்டையில் நூற்றார்கள். ஒரு தறி ஓடப் பல ராட்டைகள் சுற்ற வேண்டும். கணவனை இழந்தவளுக்கும் நிலமில்லாதவளுக்கும் கையில் நாலு காசு பார்க்க வழி அதுதான். கம்பெனிக் கணக்குகளில் வணிகர்கள் பெயரோடு வருகிறார்கள், நெசவாளர்கள் சாதியாகவும் ஊராகவும் வருகிறார்கள். நூற்றவள் நூலின் விலையாக வருகிறாள்.

இனி பழியின் கதை. இந்தியத் துணி குவிந்ததும் ஐரோப்பாவின் கம்பளி, பட்டு நெசவாளர்கள் பிழைப்பு கெட்டது. பிரான்ஸ் 1686இல் இந்தத் துணிகளுக்குத் தடை போட்டது. 1759 வரை அது நீடித்தது. இங்கிலாந்து 1700இல் வண்ணத் துணி இறக்குமதியைத் தடுத்துச் சட்டம் இயற்றியது. அதுவும் போதாதென்று 1719இல் லண்டன் நெசவாளர்கள் தெருவில் இறங்கினார்கள். கம்பெனியின் கிடங்கை விட அவர்கள் கைக்கு எளிதில் எட்டியது, பூப்போட்ட துணி உடுத்தித் தெருவில் போன பெண்கள். அவர்கள் உடையைக் கிழித்தார்கள்; மை ஊற்றினார்கள்; அமிலம் வீசினார்கள். நாட்டின் தொழிலை அழிப்பது பெண்களின் பகட்டு ஆசை என்று துண்டறிக்கைகள் எழுதின. எழுத்தாளர் டேனியல் டீஃபோ இந்தத் துணிகள் வீட்டுக்குள் நுழைந்து படுக்கையறை, திரைச்சீலை, மெத்தை, நாற்காலி வரை வந்துவிட்டதாக ஏற்கெனவே குறைபட்டிருந்தார்.

நெசவாளர்களின் பசி உண்மையானது. அவர்கள் வீட்டுப் பெண்களும் அந்தப் பசியில்தான் இருந்தார்கள். ஆனாலும் துணியைக் கப்பலில் ஏற்றி லாபம் பார்த்தவர்கள் மேல் விழாத அமிலம் அதை உடுத்தியவள் மேல் விழுந்தது. 1721இல் வந்த சட்டம் இன்னும் கடுமையானது. இப்படிப்பட்ட துணியை உடுத்துவதும், கட்டிலிலும் ஜன்னலிலும் இருக்கையிலும் பயன்படுத்துவதும் குற்றம். உடுத்தினால் 5 பவுண்டு அபராதம். அது காட்டிக் கொடுத்தவருக்குப் போகும். ஒரு பெண் தன் வீட்டில் எந்தத் திரை மாட்டுவாள் என்பது நாடாளுமன்றத்தின் விவகாரமாயிற்று. இந்தத் தடை 1774 வரை இருந்தது.

புகழின் கதைக்கு லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஒரு கட்டில் இருக்கிறது. அதன் திரைகள் சோழமண்டலக் கடற்கரையில் தீட்டியவை. கல்கத்தாவிலிருந்து அன்பளிப்பாக வந்த துணியைச் சுங்க அதிகாரிகள் பிடித்துவைத்துக்கொள்ள, நடிகர் டேவிட் கேரிக் போராட வேண்டியிருந்தது. அந்த வீட்டில் அவருக்குப் பிறகு நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்தவர் அவர் மனைவி, நடனக்கலைஞர் இவா மரியா. கட்டிலின் பெயர் கேரிக் கட்டில்.

அடுத்த நூற்றாண்டில் வீட்டு அலங்கார வடிவங்களுக்கு உலகம் நினைவில் வைத்திருக்கும் பெயர் வில்லியம் மோரிஸ். அவருடைய நிறுவனத்தின் எம்பிராய்டரிப் பிரிவை 1885இல், 23 வயதில், ஏற்று நடத்தியவர் மகள் மே மோரிஸ். அவர் வரைந்த வடிவங்களில் சில நெடுங்காலம் தந்தையுடையவை என்றே அறியப்பட்டன. ஆண்கள் நடத்திய கலைஞர் சங்கம் பெண்களைச் சேர்க்காததால் 1907இல் பெண்களுக்கென்று தனிச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர்.

அதே நூற்றாண்டில் நம் பக்கம் நடந்ததை நாம் அரைகுறையாகத்தான் நினைவில் வைத்திருக்கிறோம். இங்கிலாந்து மில் நூல் வந்து இறங்கியபோது நெசவாளர் வீழ்ந்த கதையைப் பேசுகிறோம். மில் நூல் முதலில் வீழ்த்தியது நூற்றவளைத்தான். நெசவாளர் மில் நூலை வாங்கித் தறியைத் தொடர முடிந்தது. ராட்டைக்கு அப்படி ஒரு வழி இல்லை. பிறகு ராட்டை தேசத்தின் அடையாளமாகத் திரும்பி வந்தது. அதை பரோடா சமஸ்தானத்தின் விஜாப்பூரில் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் கங்காபென் மஜும்தார். காந்தியே தன் சுயசரிதையில் இதைச் சொல்கிறார். இருந்தும் ராட்டை என்றதும் நம் மனதில் தோன்றும் படத்தில் கங்காபென் இல்லை.

வடிவம் பெண்ணின் கையில் காசாக மாறியபோது என்ன நடந்தது என்பதற்கு நாகர்கோவில் சாட்சி. 1820களில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அங்கே பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். திருவிதாங்கூரில் அப்போது அடிமைமுறை இருந்தது; 1855இல்தான் ஒழிந்தது. லேஸ் விற்ற கூலியைச் சேர்த்து அடிமைப் பெண்கள் சிலர் தங்களை மீட்டுக்கொண்டார்கள். மேசை விரிப்பின் ஓரத்தில் தொங்கும் ஒரு பூவேலைக்கு இவ்வளவு கனம் இருந்திருக்கிறது. மார்த்தாவின் பெயர் நமக்குத் தெரிகிறது. விரலால் எண்ணி எண்ணி விடுதலையைப் பின்னியவர்கள் பெயர் தெரியவில்லை.

இங்கே பெண் என்ற ஒரு சொல்லுக்குள் எல்லோரையும் அடைத்துவிட முடியாது என்பதும் தெரிகிறது. 20ஆம் நூற்றாண்டில் கைத்தொழில்களை மீட்டவர்களில் பெண்களின் பெயர்கள் முன்வரிசையில் இருக்கின்றன. 1936இல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி அங்கே நெசவுக்கும் இடம் கொடுத்தார். 1952இல் அமைக்கப்பட்ட அகில இந்தியக் கைவினை வாரியத்துக்குக் கமலாதேவி சட்டோபாத்யாய் தலைமை ஏற்றார். அவர்கள் செய்தது பெரிய வேலை. ஆனால் படிப்பும் சாதியும் பொருளும் இருந்த பெண்களுக்கே பெயர் கிடைத்தது. தறிக்கு நூல் சுற்றித் தந்தவளுக்கு அப்போதும் கிடைக்கவில்லை.

கோலத்துக்கும் இது பொருந்தும். வாசல் கோலத்தைப் பெண்களின் சுதந்திரக் கலை என்று கொண்டாடும்போது, யார் போடலாம், யார் போடக்கூடாது என்ற விதிகளை மறந்துவிடுகிறோம். கணவனை இழந்தவளைப் பல வீடுகளில் நல்ல நாள் கோலத்திலிருந்து விலக்கினார்கள். மாதவிலக்கு நாளில் கோலமாவைத் தொடவிடவில்லை. வசதியான வீட்டு வாசலில் விடியுமுன் சாணம் தெளித்துக் கோலம் போடுபவள் பல நேரம் அந்த வீட்டில் வேலை செய்பவள். பாராட்டு வீட்டுக்காரிக்குப் போகும்.

அந்தக் கோலத்துக்குள் இருக்கும் அறிவை அறிவு என்று ஏற்க ஒரு கணிதக் கட்டுரை தேவைப்பட்டது. 1974இல் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் கோல வடிவங்களைக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளால் விளக்கிக் கட்டுரை வெளியிட்டார்கள். சிறிய கோலம் எந்த விதியில் பெரிய கோலமாக வளர்கிறது என்பதை எழுதிக் காட்ட முடிந்தது. மூவரில் இருவர் பெண்கள் என்பது மகிழ்ச்சி தருகிறது. அந்த விதிகளைத் தலைமுறை தலைமுறையாக நினைவிலேயே வைத்திருந்தவர்கள் பலருக்குப் பள்ளிக்கூடம் கிடைத்ததில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நம் வீடுகளில் ஆதாரங்கள் இன்னும் இருக்கின்றன. பழைய கோல நோட்டுகள் பரணில் கிடக்கின்றன. அம்மாவின் தலையணை உறை பெட்டியின் அடியில் இருக்கிறது. எந்த ஆண்டு போட்டது, யாரிடம் கற்றது, நூலுக்குக் காசு யார் கொடுத்தது, விற்றிருந்தால் பணம் யார் கைக்குப் போனது என்று கேட்டால் சொல்ல ஆளும் இருக்கிறது. மாணவிகள் இதை இப்போதே கேட்டு எழுதிவைக்கலாம். பெண்கள் வரலாற்றை ஆவணக் காப்பகத்தில் மட்டும் தேடினால், அங்கே நூலின் விலைதான் கிடைக்கும்.

கீழ்பென்னாத்தூர் வீட்டு மூலையில் சுருட்டி வைத்திருந்த பாய்க்குத் திரும்பி வரலாம். இதே மாவட்டத்து வந்தவாசி கோரைப்பாய்க்குப் பேர்போன ஊர். தெற்கே பத்தமடையின் மெல்லிய பாய்களை நெய்பவர்களில் பெரும்பாலோர் இஸ்லாமியப் பெண்கள். கோரையை ஊறவைத்து, இழை இழையாகக் கிழித்து, சாயம் ஏற்றி, மெல்லிய பாய் ஒன்றை நெய்து முடிக்க வாரக்கணக்காகும். கல்யாணப் பாய் என்றால் அதில் மணமகன் பெயரையும் மணமகள் பெயரையும் எழுத்தெழுத்தாகக் கோர்த்து நெய்வார்கள். எழுத்து பிசகாமல் வர, ஒவ்வொரு இழையையும் எண்ண வேண்டும்.

அந்தப் பாயில் இரண்டு பெயர்கள் இருக்கும். மூன்றாவது பெயருக்கும் அதில் இடம் உண்டு. ஓரத்தில் ஒரு விரற்கடை போதும்.