கிம்புசென்-ஜி

ஜப்பானின் நாரா மாகாணத்தில், யோஷினோ மலைமேல் அமைந்த பௌத்தக் கோயில். மலைத் தவநெறியான ஷுகெந்தோவின் முக்கியத் தலம். 2004இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களில் சேர்ந்தது. ஏப்ரலில் கூட்டம் செர்ரிப் பூக்களுக்காகத் திரள்கிறது. ஆனால் அந்தப் பூக்களைப் பெருக்கியது பக்தியே. 7ஆம் நூற்றாண்டுத் துறவி என் நோ கியோஜா, தமக்குக் காட்சி தந்த ஸாவோ கொங்கென் என்னும் தெய்வத்தைச் செர்ரி மரத்தில் செதுக்கினார் என்பது ஐதிகம். அதனால் அம்மரம் புனிதமாயிற்று. வழிபட வந்தோர் நூற்றாண்டுகளாகக் கன்றுகளைக் காணிக்கையாக நட்டனர்.

1594இல் ஆட்சியாளர் தொயோதொமி ஹிதெயோஷி பெரும் பரிவாரத்துடன் இங்கு நடத்திய பூவிழாவைச் சுட்டி, இம்மலை ஆள்வோரின் கேளிக்கைத் தோட்டமே என வாதிடலாம். அவர் வந்ததோ ஏற்கெனவே பூவுக்குப் பேர்போன மலைக்கு. விழா புகழைக் கூட்டியது, மரங்களைத் தரவில்லை. இங்கு மிகுதியாயிருப்பதும் நகரப் பூங்காக்களின் சொமெய்-யோஷினோ வகை அன்று. வெண்பூவும் செந்தளிரும் ஒருசேர விரியும் மலைச்செர்ரி. பூப்பு அடிவாரத்தில் தொடங்கி நான்கு அடுக்குகளாக மேலேறுவதால், அடிவாரப் பூக்கள் உதிர்ந்தபின் வருவோரும் உச்சிப் பகுதியில் பூக்களைக் காணலாம்.