பழி மட்டியின் மேல்

1793 ஜூன் 15. ஜார்ஜ் வான்கூவரின் கடலாய்வுக் குழுவினர் சிலர், இன்றைய கனடாவின் மேற்குக் கரையில் காலை உணவாகச் சிப்பிகளைச் சுட்டுத் தின்றனர். விரைவிலேயே முகமும் கைகால்களும் மரத்துப்போயின. ஜான் கார்ட்டர் என்னும் மாலுமி அன்று பிற்பகலே இறந்தார். வான்கூவர் அப்பகுதியில் மூன்று பெயர்களைச் சூட்டினார்: நஞ்சுக் குடா, சிப்பிக் கால்வாய், கார்ட்டர் விரிகுடா. நஞ்சுக்கும் உணவுக்கும் இறந்தவருக்கும் பெயர் கிடைத்தது. நஞ்சை உண்டாக்கிய உயிருக்குக் கிடைக்கவில்லை. கண்ணுக்கே தெரியாத ஒன்றுக்கு அவர் எவ்வாறு பெயரிட்டிருக்க முடியும்?

1927இல் சான்ஃபிரான்சிஸ்கோ அருகே சிப்பி உண்ட பலர் நோயுற்றனர். அதைத் தொடர்ந்த ஆய்வுகள், 1937இல் டைனோஃபிளாஜெல்லேட் என்னும் நுண்ணுயிரைக் குற்றவாளியாக அடையாளம் காட்டின. கடல்நீரை வடிகட்டி உண்ணும் சிப்பியின் உடலில் அதன் நஞ்சு சேர்கிறது. சுவையில் வேறுபாடு தெரியாது. சமைத்தாலும் நஞ்சு அழியாது. கார்ட்டர் தின்றதும் சுட்ட சிப்பிதான்.

உண்மை தெரிந்த பின்னராவது பெயர் திருந்தியதா? இல்லை. 1957இல் தூய நிலையில் பிரித்தெடுக்கப்பட்ட நஞ்சு, பின்னர் சாக்ஸிடாக்சின் எனப்பட்டது. அலாஸ்காவின் சாக்ஸிடோமஸ் என்னும் மட்டியே அப்பெயரின் வேர். அகப்பட்ட இடத்தையே பிறந்த இடமாக்கிக் காட்டும் பெயர் இது. (சொற்பிறப்பியல் படிப்போருக்கு இது புதிதன்று.) அதே நஞ்சு நன்னீரில் வாழும் நீலப்பச்சைப் பாசிகளிலும் பின்னர் கண்டறியப்பட்டது. 2008இல் அப்பாசி ஒன்றில் இந்நஞ்சை உருவாக்கும் மரபணுத் தொகுதி கண்டறியப்பட்டபோது, அதற்கும் எஸ்.எக்ஸ்.டி. என்றே பெயரிட்டனர். அந்த எழுத்துகளும் மட்டியிடமிருந்து வந்தவையே.