மாதக் கணக்கு யார் கையில்?

மாதம் தவறாமல் வந்து நிற்கும் செலவுகள் நம் வீடுகளுக்குப் புதிதல்ல. பால், பேப்பர், மளிகைப் பற்று, சலவை, கரண்டு எல்லாம் அன்றும் இருந்தன. ஆனால் அன்று கணக்கு கொடுக்கிறவர் வீட்டிலும் இருந்தது. இன்று பெரும்பாலும் வாங்குகிறவரிடம் மட்டுமே இருக்கிறது. அஞ்சலகக் கவுண்ட்டரில் பிறர் கட்டிய பணத்துக்கு ரசீது போட்டே பணிக்காலத்தைக் கழித்த எனக்கு இது சின்ன மாற்றமாகப் படவில்லை.

தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் பாட்டி வீட்டில், தாழ்வாரச் சுவரில் பால் கணக்குக்கென்றே ஓர் இடம் உண்டு. பால்காரம்மா பாலை ஊற்றிவிட்டுக் கரித்துண்டால் ஒரு கோடு இழுப்பார். அவருக்கும் எழுத்து தெரியாது, பாட்டிக்கும் தெரியாது. மாதக் கடைசியில் இருவரும் சுவர் முன் நின்று எண்ணுவார்கள். பொங்கலுக்கு வெள்ளையடிப்பதற்குள் பாக்கி முழுதும் தீர்ந்தாக வேண்டும்.

அம்மா காலத்தில் அந்த இடத்துக்கு ஜவுளிக்கடை கொடுத்த மாதக் காலண்டர் வந்தது. பால் வராத நாளுக்குப் பெருக்கல் குறி, கூடுதலாக அரை லிட்டர் வாங்கினால் ‘½’, பேப்பர் போடாத நாளுக்கு வட்டம். மளிகைக்குத் தனி நோட்டு. கடைக்காரர் தம் பேரேட்டில் எழுதுகிற அதே வரியை எங்கள் நோட்டிலும் எழுதித் தருவார். இரண்டும் ஒத்துப்போன பிறகுதான் ஒன்றாம் தேதி பணம் கை மாறும்.

அரசாங்கம் வாங்கியதும் இப்படித்தான். 1978-ல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது ரேடியோ வைத்திருந்தால் ஆண்டுக்கு 15 ரூபாய் லைசென்ஸ் கட்டணம், டிவிக்கு 50 ரூபாய். லைசென்ஸ் புத்தகத்தைக் கவுண்ட்டரில் நீட்டுவார்கள். அதற்கென்றே அச்சான ஸ்டாம்பை ஒட்டி, தேதி முத்திரை குத்தித் திருப்பிக் கொடுப்பேன். எந்த வருஷம் கட்டினோம், எது பாக்கி என்பது அவர்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கும். 1984-ல் அந்த முறை எடுக்கப்பட்டது. மின்வாரியத்தின் வெள்ளை அட்டையும் அப்படித்தான். இரண்டு மாதத்துக்கொரு முறை கணக்கெடுக்க வருபவர் ரீடிங், யூனிட், தொகை மூன்றையும் எழுதிவிட்டுப் போவார். இந்தத் தடவை ஏன் கூடியது என்று பார்க்க மேல் வரியைப் பார்த்தால் போதும்.

1990-களில் இசிஎஸ் வந்தது. இன்சூரன்ஸ் பிரீமியம், போன் பில் எல்லாம் வங்கிக் கணக்கிலிருந்து தாமாகக் கழியத் தொடங்கின. வரிசையில் கால்கடுக்க நின்றவர்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்குத் தெரியும். ஆனால் கட்டும் முன் தொகையைப் பார்க்கும் பழக்கம் அத்தோடு தளர்ந்தது. 2020 ஜூலையில் யுபிஐ ஆட்டோபேயும் வந்தது. படம், பாட்டு, போட்டோ சேமிப்பு, குழந்தையின் பாடம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு தொகை. முதல் மாதம் இலவசம் என்று சேர்ந்தது, யாரும் பார்க்காத பிறகும் கழிந்துகொண்டே இருக்கிறது.

இதற்கு ரிசர்வ் வங்கி போட்ட கடிவாளம் 2021 அக்டோபர் 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும். வேண்டாமென்றால் அவர் நிறுத்தலாம். 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு ஒவ்வொரு முறையும் அவர் ஒப்புதல் தர வேண்டும். 2022 ஜூனில் அந்த வரம்பு 15,000 ஆனது. நல்ல விதி. கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டும் என்ற பழைய மரியாதையை அது சட்டமாக்கியது.

ஆனால் அந்த எஸ்எம்எஸ்ஸை ஒத்துப்பார்க்க வீட்டில் ஒரு கணக்கு வேண்டும். பெயர், தேதி, தொகை, எந்த வங்கி, எப்போது புதுப்பிக்கும்: ஐந்து பத்தி போட்ட ஒரு நோட்டு போதும். ஆண்டுச் சந்தாக்களை முதலில் எழுதுங்கள், மறந்துபோவது அவைதான். மாதம் ஒருமுறை யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பட்டியலைத் திறந்து, நோட்டில் இல்லாததைப் பற்றி வீட்டில் எல்லாரிடமும் கேளுங்கள். யாருக்கும் தேவைப்படவில்லை என்றால் அன்றே ரத்து செய்துவிடுங்கள்.